விடுமுறைப் பலகைக்கு என்ன விலை?

மேலப்பாளையத்தில் ஒரு மாவு மில். மில்லுக்கு மேலே ஒரு மாடி. மாடியில் ஜைனம்பு டீச்சர்.

மில் ஓடும் நேரத்தில் அந்த மாடியில் டீக்குச் சர்க்கரை போட்டால் கலக்க வேண்டியதில்லை. கட்டடமே கலக்கிக் கொடுத்துவிடும். தென்காசிக்காரர் ஒருவர், மாதக்கணக்காகப் பிடிபடாத ஒரு புரோகிராம் பிழையோடு தன் லேப்டாப்பை அங்கே கொண்டுவந்து வைத்தாராம். கீழே அப்போது மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அதிர்வில் பிழை தானாக உதிர்ந்து விழுந்துவிட்டது. விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. மாவோடு மாவாகப் பெருக்கித் தள்ளியிருப்பார்கள்.

டீச்சருக்கு முப்பது தாண்டிச் சில வருடங்கள்தான். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த காலத்தில் ஒட்டிய பெயர், வேலையை விட்ட பிறகும் உதிரவில்லை. இப்போது அவர் தொழில் ஆப் செய்வது. ‘கூடாரம்’ என்ற இடத்துக்குச் செய்கிறார்.

கூடாரம் என்பது வெப்சைட் கட்டத் தெரியாதவர்கள் பெட்டி பெட்டியாக இழுத்து வைத்துத் தாங்களே ஒன்றைக் கட்டிக்கொள்ளும் இடம். அதற்குள் ஒரு சந்தை உண்டு. கட்டிய வெப்சைட்டுக்கு ஒரு மணி வேண்டும், ஒரு கல்லாப்பெட்டி வேண்டும் என்றால் சந்தையில் போய் ஓர் ஆப்பை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். சிலது இலவசம். சிலதுக்கு மாத வாடகை.

டீச்சரின் சீடர் சவரிராஜ். வயது ஐம்பதை நெருங்குகிறது. குருவைவிடச் சீடர் பதினைந்து வருடம் மூத்தவர் என்பதில் இருவருக்குமே எந்தச் சங்கடமும் இல்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் சரக்கு மேற்பார்வை பார்த்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு வருடமாகப் பாளையங்கோட்டை வீட்டில் உட்கார்ந்து ஒரே ஓர் ஆப் செய்திருந்தார்.

விடுமுறைப் பலகை.

கோயில் கொடைத் திருவிழாவுக்கும் துக்கத்துக்கும் கடையைச் சாத்துகிறவர்கள் ஷட்டரில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டுப் போகிறார்கள். வெப்சைட்டுக்கு ஷட்டர் கிடையாது. கடை சாத்திய பிறகும் அது பாட்டுக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே வெப்சைட்டின் மேல் ‘இன்று விடுமுறை’ என்று ஒரு பலகை. அதுவும் சும்மா பலகை இல்லை. காற்றில் ஆடும். ஆட்டத்தைச் சரியாகக் கொண்டுவர ஒரு மழைக்காலம் முழுவதும் போயிற்று. அப்புறம் பலகைக்கு ஒரு செவ்வந்தி மாலை. அப்புறம் மேல்கயிற்றில் ஓடுகிற ஓர் அணில்.

நாற்பது சொச்சம் பேர் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர்கூடக் காசு கட்டவில்லை.

திங்கட்கிழமை சவரிராஜ் மாடி ஏறி வந்தபோது கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலைக்குள் அதைவிடப் பெரிய மில்.

“டீச்சர், ஒரு கேள்வி.”

“உக்காந்து கேளுங்க அண்ணாச்சி.”

“எதை இலவசமாக் கொடுக்க? எதுக்குக் காசு வாங்க?”

“இப்ப எப்படி வெச்சிருக்கீங்க?”

“பலகை இலவசம். ஆட்டம் வேணும்னா வெள்ளித் திட்டம். மாலை வேணும்னா தங்கம். அணில் வைரம். இப்போதைக்கு எல்லாத்தையும் எல்லாருக்கும் சும்மா பார்க்க விட்டிருக்கேன், பிடிச்சாக் கட்டலாம்.”

“வேற?”

“அடியில ஒரு பெட்டி உண்டு. ‘திறந்ததும் சொல்லவா?’ன்னு கேக்கும். வந்தவங்க பேரும் நம்பரும் எழுதிட்டுப் போலாம். கடை திறந்ததும் அத்தனை பேருக்கும் சேதி போயிரும். அது ஒரு மத்தியானத்துல செஞ்சது. அதுக்கெல்லாம் எப்படிக் காசு கேக்க? இலவசம்தான். ஐம்பது பேரோட நின்னுரும்.”

“மாட்டினவங்க என்ன சொல்லுதாங்க?”

“அதுதான் குழப்பம். ‘ஆட்டம் அபாரம், ஆனா விலை கூடுதல்’ங்காரு ஒருத்தரு. ‘இவ்வளவு குறைச்சு வித்தா மரியாதை போயிரும்’ங்காரு இன்னொருத்தரு. ‘அணிலை இலவசமா விட்டுட்டு மாலைக்கு வாங்குங்க’ங்காரு மூணாவது ஆளு. எல்லாருக்கும் சரி சரின்னு கேட்டு, திட்டத்தை மாத்தி மாத்தி வெச்சு, இப்ப எது வெள்ளி எது தங்கம்னு எனக்கே தெரியல.”

டீச்சர் சிரிக்கவில்லை. சவரிராஜ் மேலும் சொன்னார்.

“ஆலை மேனேஜர் திரும்பக் கூப்பிடுதாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். அமலோற்பவம் சொல்லிட்டா. ‘நம்ம சொந்தக்காரங்க இல்லாத ஒரே ஒருத்தர், உங்க பலகைக்கு மனசாரக் காசு கட்டட்டும். நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா வெள்ளிக்கிழமை ராத்திரி பெட்டியைக் கட்டுங்க’ன்னு.”

அமலோற்பவம் அவர் மனைவி. சொன்னால் சொன்னதுதான்.

டீச்சர் ஒரு வாய் டீ குடித்தார்.

“முந்தி ஒரு ஊரு. ஊர் பூரா குடை செய்யுதவங்க. வேற தொழிலே கிடையாது. ஒரு கடையில கூட்டம் நிக்குதுன்னா அது யாரு? பக்கத்துக் கடைக்காரங்க. ‘உங்க குடையை ஒரு தடவை விரிச்சுப் பார்த்துக்கிடட்டுமா?’ன்னு கேப்பாங்க. விரிப்பாங்க. ‘பிரமாதம், இன்னும் ரெண்டு கம்பி சேர்த்தா எங்கேயோ போயிரும்’பாங்க. இவரு சேர்ப்பாரு. அதைப் பார்க்க இன்னும் பத்துப் பேரு வருவாங்க. கூட்டம் கூடுதேன்னு இவரு இன்னும் ரெண்டு கம்பி சேர்ப்பாரு.”

“வாங்குனாங்களா?”

“விரிச்சுப் பார்த்துட்டு மடக்கி வெச்சுட்டுப் போனாங்க. குடை மட்டும் பெருசாகிட்டே வந்துச்சு. முதல்ல ஒரு ஆளு நிக்கலாம். அப்புறம் ஒரு குடும்பம் நிக்கலாம். அப்புறம் ஒரு கல்யாணமே குடைக்குள்ள நடந்துச்சு, பந்தியோட. கடைசியில ஒருத்தரு விரிச்சாரு பாருங்க ஒண்ணு, தெக்கு எல்லையில ஒரு கம்பி, வடக்கு எல்லையில ஒரு கம்பி. ஊரே உள்ள வந்திருச்சு. கைதட்டுன சத்தத்துல கடல் ரெண்டடி பின்னால போச்சாம்.”

“பெறகு?”

“பெறகென்ன. அன்னையிலேர்ந்து அந்த ஊர்ல மழையே விழல.”

சவரிராஜ் காத்திருந்தார். டீச்சர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அவ்வளவுதானா டீச்சர்?”

“அவ்வளவுதான் அண்ணாச்சி.”

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் சவரிராஜ் வெளியே பார்க்கவில்லை. ஒரு கேள்வியோடு போனவர் நாலு கேள்வியோடு வந்துகொண்டிருந்தார். குடை என்பது ஆப்பா? அப்படியானால் மழை யார்? அமலோற்பவமா? மழை விழாதது நல்லதா கெட்டதா? கடல் எதற்குப் பின்னால் போயிற்று?

முருகன்குறிச்சியில் பஸ் நின்றபோது அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. எழுந்து நின்றே விட்டார். பக்கத்தில் இருந்தவர் ஸ்டாப்பிங் வந்துவிட்டதாக்கும் என்று வழிவிட்டார்.

செவ்வாய் இரவுக்குள் விடுமுறைப் பலகைக்கு மேலே ஒரு குடை வந்துவிட்டது. நல்ல பெரிய குடை. பலகை இடப்பக்கம் ஆடினால் குடை வலப்பக்கம் சாயும். அணிலுக்கு நிழல் விழும்.

புதன்கிழமை காலையில் சந்தையில் பாராட்டு குவிந்திருந்தது. ‘குடை பிரமாதம்.’ ‘நிழல் எப்படி விழ வைத்தீர்கள்?’ ‘குடைக்கு இன்னும் ரெண்டு கம்பி சேர்க்கலாமே.’

அமலோற்பவம் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

“ஏங்க, லீவு விட்ட கடைக்கு எதுக்குக் குடை?”

“டீச்சர் சொன்னாங்க.”

“டீச்சரா சொன்னாங்க?”

“கதையாச் சொன்னாங்க.”

“காசு கட்டுனாங்களா யாராவது?”

“கை தட்டுதாங்க.”

அவள் போய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். சத்தம் வரும்படியாகவே தட்டினாள்.

சவரிராஜ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலப்பாளையம் ஓடினார்.

ஜைனம்பு டீச்சர் குடையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கீழே கேழ்வரகு அரைபட்டுக்கொண்டிருந்தது. திரையில் பலகையும், பலகை வைத்திருந்த லேப்டாப்பும், லேப்டாப் வைத்திருந்த மேசையும் சேர்ந்து ஆடின.

“அண்ணாச்சி, இந்தப் பலகை யாரு யாரு கடையில தொங்குதுன்னு பார்த்திருக்கீங்களா?”

“பலகையைப் பார்த்திருக்கேன். எல்லார்கிட்டேயும் ஆட்டம் சரியா வருதான்னு சோதிச்சிருக்கேன்.”

“பலகையைக் கொஞ்சம் விலக்கிட்டு, பின்னால என்ன கடைன்னு பாருங்க.”

சவரிராஜ் முதல் வெப்சைட்டைத் திறந்தார். பலகை ஆடியது. அதை ஒதுக்கினார். பின்னால் பெரிய எழுத்தில் இருந்தது: ‘உங்கள் கடையின் பெயரை இங்கே எழுதவும்.’ கீழே ஒரு வெள்ளைக்காரப் பெண் காபிக் கோப்பையோடு சிரித்தாள். கூடாரத்தில் யார் புதிதாக இடம் எடுத்தாலும் ஒரு மாதிரிக்காகத் தானாக வந்து நிற்கும் படம்.

“இவரு இன்னும் கட்டி முடிக்கல போல.”

இரண்டாவதைத் திறந்தார். ‘உங்கள் கடையின் பெயரை இங்கே எழுதவும்.’ அதே பெண். அதே காபி.

மூன்றாவது. நான்காவது. பத்தாவதில் பெயர் இருந்தது. ‘சோதனை’ என்று. அதற்கு அடுத்ததின் பெயர் ‘சோதனை புதுசு’. அதற்கு அடுத்தது மறுபடி காபி.

சவரிராஜ் திரையிலிருந்து நிமிர்ந்தார்.

“என்ன டீச்சர் இது? இவங்க யாருக்குமே கடை இல்லையே?”

“இல்லை.”

“கடையே இல்லாதவங்க எதுக்கு விடுமுறைப் பலகை மாட்டுதாங்க?”

“நீங்க யாரு யாரு ஆப்பை மாட்டிப் பார்த்திருக்கீங்க?”

சவரிராஜ் யோசித்தார். மணி அடிக்கிற ஆப்பை மாட்டினார், மணி எப்படி அடிக்கிறது என்று பார்க்க. பனி கொட்டுகிற ஆப்பை மாட்டினார், பனி எப்படிக் கொட்டுகிறது என்று பார்க்க. இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டு, பனி இன்னும் மெதுவாகக் கொட்டலாம் என்று யோசனையும் எழுதியிருந்தார். அவருக்கு ஏது கடை? அவர் வெப்சைட்டிலும் அந்தக் காபிக்காரிதான் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

“எல்லாரும் ஆப் செய்யுதவங்களா?”

“மிச்சத்தையும் பாருங்க.”

பார்த்தார். காபி, காபி, சோதனை, காபி. கடைசி ஒன்றை ஒதுக்கியபோது பின்னால் நிஜமான ஒரு பெயர் இருந்தது. ‘பிரகாசி மக்ரூன், தூத்துக்குடி.’ தட்டு நிறைய மக்ரூன் இனிப்பின் படம், கொஞ்சம் சாய்வாக எடுத்தது.

“ஆங், இந்த அம்மாவா!” சவரிராஜ் உச்சுக்கொட்டினார். “இவங்க பெரிய தொல்லை டீச்சர்.”

“என்ன தொல்லை?”

“போன ஈஸ்டர்லேர்ந்து பலகை தொங்குது. எப்பவாவது ஒரு நாள் கழட்டுவாங்க. மறுநாளே மாட்டிருவாங்க. கடையைத் திறக்கவே மனசில்லாத ஆளு. அது போதாதுன்னு வாரா வாரம் எழுதுவாங்க. ‘ஐம்பது பேருக்கு மேல பேரு எழுத முடியல, ஐம்பது பேருக்கு மேல பேரு எழுத முடியல’ன்னு. ஆட்டத்தைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை கிடையாது.”

“நீங்க என்ன பதில் எழுதுனீங்க?”

“உதவிப் பக்கத்தைப் படிக்கவும்னு.”

“அந்தப் பக்கத்துல என்ன இருக்கு?”

“ஐம்பது பேருக்கு மேல எழுத முடியாதுன்னு இருக்கு.”

டீச்சர் எழுந்தார். மூலையில் இருந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டார்.

“நான் கீழ போயி மாவு வாங்கிட்டு வாரேன். நீங்க அந்த அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க.”

“என்னன்னு பேச?”

செருப்புச் சத்தம் படியில் இறங்கிவிட்டது.

சவரிராஜ் போனை எடுத்தார். வைத்தார். ஒரு வருடத்தில் நாற்பது சொச்சம் பேரோடு எழுதி எழுதி விவாதித்தவர், ஒருவர் குரலைக்கூடக் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வெப்சைட்டில் இருந்த நம்பரை அழுத்தினார்.

“யாரு?”

“அம்மா, நான் சவரிராஜ் பேசுதேன். உங்க வெப்சைட்ல விடுமுறைப் பலகை தொங்குதுல்லா, அதைச் செஞ்ச ஆளு.”

“ஏ, ஆளா நீ! மெஷின்னுல்லா நினைச்சேன். எத்தனை தடவை எழுதுனாலும் ஒரே பதில்தானே வருது?”

“மன்னிச்சுக்கிடுங்கம்மா. ஒரு சந்தேகம். உங்க கடை ஏன் எப்பவும் விடுமுறையிலேயே இருக்கு?”

“விடுமுறையா? யாரு சொன்னா? எனக்கு ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகவே நேரமில்ல.”

“பலகை தொங்குதே?”

“தம்பி, கேளு. மக்ரூனுக்கு ஒரு தட்டுக்காக அடுப்பு பத்த வைக்க முடியாது. முட்டை உடைச்சா மொத்தமா உடைக்கணும். முந்தி நான் பாட்டுக்குப் போட்டு அடுக்கி வைப்பேன். வாங்க ஆளு வராது. கடல்காத்துக்கு ரெண்டு நாள்ல நமுத்துரும். தூக்கிப் போட்டுப் போட்டு எங்க தெரு நாய்க்கெல்லாம் சர்க்கரை வியாதி. ஒரு நாய் சப்பாத்திதான் திங்கும்னு ஆயிருச்சு.”

சவரிராஜ் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“இப்ப உன் பலகையை மாட்டிட்டேன். ‘இன்று விடுமுறை, திறந்ததும் சொல்லவா?’ன்னு அது கேக்குது. ஆளுங்க பேரு எழுதிட்டுப் போறாங்க. பேரு சேர்ந்தாத்தான் நான் முட்டைக்கே சொல்லி அனுப்புவேன். போட்டு முடிச்சதும் பலகையைக் கழட்டுவேன், எல்லாருக்கும் சேதி போயிரும், வந்து வாங்கிட்டுப் போயிருவாங்க. மறுநாள் மறுபடியும் மாட்டுவேன். உன் பலகைதான்டா தம்பி என் கடை.”

கீழே மில் நின்றது. மாடி திடீரென்று அமைதியானது.

“ஆனா பாரு, ஐம்பதோட நின்னுருது. என் அடுப்பு அதுக்கு மேல தாங்கும். ஐம்பதுக்குப் பெறகு வாரவங்க, பேரு எழுத இடமில்லாம, பிரகாசிக்கு நம்ம வேண்டாம் போலன்னு கோவிச்சுக்கிட்டுப் போறாங்க. அப்புறம் அந்த ஆட்டம். அது எதுக்கு அப்படி ஆடுது?”

“காத்துக்கு ஆடுற மாதிரிம்மா.”

“எங்க அக்கா பேரு எழுதப் போனவ, பலகை ஆடி நிக்கட்டும்னு காத்திருந்து காத்திருந்து நாற்காலியிலேயே தூங்கிட்டா.”

“அது ஒரு மழைக்காலத்து உழைப்பும்மா.”

“அடப் பாவி.”

“அணில் எப்படியிருக்கு?”

“என்ன அணில்?”

சவரிராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கேட்க வேண்டிய ஒன்று இன்னும் பாக்கி இருந்தது. நாற்பது பேரிடம் ‘என்ன விலை வைக்கலாம்’ என்று கேட்டிருக்கிறார். ‘நீங்கள் கட்டுவீர்களா’ என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

“அம்மா, ஐம்பதுக்கு மேலயும் எழுதுற மாதிரிச் செஞ்சு கொடுத்தா… நீங்க… மாசாமாசம்…”

“காசு கட்டணுமா?”

“ஆமாம்மா.”

“இதைக் கேக்கத்தான் இவ்வளவு நேரம் மென்னு முழுங்குனியா? மாசம் ஒரு டப்பா மக்ரூன் என்ன விலையோ அது தாரேன். அதுக்கு மேல கேட்டா நான் பேப்பரும் பேனாவுமா வாசல்ல உக்காந்துக்கிடுவேன். சரியா?”

“சரிம்மா.”

“ஆட்டத்தை நிறுத்திரு.”

டீச்சர் மாவு வாளியோடு மேலே வந்தபோது சீடர் கிளம்பியிருந்தார். லேப்டாப்பின் சார்ஜரை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

வியாழன் முழுக்க அவர் நிமிரவில்லை. ஆட்டத்தை எடுத்தார். மாலையை எடுத்தார். குடையை எடுத்தார். அணிலை எடுக்கும்போது மட்டும் கை நின்றது. அது ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது மாதிரி இருந்தது. எடுத்துவிட்டார்.

மிஞ்சியது ஒரு பலகை, கீழே ஒரு பெட்டி. பலகை இலவசம். ஐம்பது பெயர்வரை பெட்டியும் இலவசம். அதற்கு மேல் மாத வாடகை. வெள்ளி இல்லை, தங்கம் இல்லை, வைரம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை சந்தையில் கொந்தளிப்பு. ‘அணில் எங்கே?’ ‘நல்ல கலைஞன் ஒருவனை வியாபாரம் கொன்றுவிட்டது.’ ‘போயும் போயும் பெயர் எழுதுகிற பெட்டிக்கா காசு? அதை நான் ஒரு மத்தியானத்தில் செய்துவிடுவேன்.’ ஒவ்வொருவராகப் பலகையைக் கழற்றினார்கள். மத்தியானத்துக்குள் எல்லாரும் போய்விட்டார்கள். சந்தையின் முன்பக்கத்தில் இருந்த விடுமுறைப் பலகை கடைசிப் பக்கத்துக்கும் பின்னால் போயிற்று.

சவரிராஜ் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பெட்டி கூடத்தில் திறந்தபடி கிடந்தது. அமலோற்பவம் அதில் ஒரு போர்வையை மடித்து வைத்தாள்.

போனில் ஒரு சேதி வந்தது.

சவரிராஜ் அதைப் படித்தார். மறுபடி படித்தார். போனை மனைவி முன்னால் நீட்டினார்.

“யாரு இது?”

“பிரகாசி. தூத்துக்குடி. காசு கட்டியிருக்காங்க.”

“தூத்துக்குடியில உங்க சித்தி வகையில யாராவதா?”

“இல்லை.”

“எங்க மாமா வகையில?”

“இல்லைங்கேன்.”

“பாவம்னு கட்டியிருப்பாங்களோ?”

“எனக்குத் தெரியல அமலு.”

அமலோற்பவம் போனை வாங்கி, தானே நம்பரை அழுத்தினாள். முற்றத்துக்குப் போய் நின்று பேசினாள். எந்தப் பங்கு, எந்தச் சர்ச் என்று முதலில் கேட்டாள். அப்புறம், “எதுக்கும்மா கட்டுனீங்க?” என்று கேட்டாள். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேசியது. நடுவில் நாய் என்று ஒரு வார்த்தை சவரிராஜ் காதில் விழுந்தது.

திரும்பி வந்தவள் அவரைப் பார்க்காமல் இன்னொரு நம்பரை அழுத்தினாள்.

“மேனேஜர் சாரா? நான் சவரிராஜ் வீட்டுல பேசுதேன். அவுகளுக்கு வரத் தோதில்ல சார். இங்க வேலை இருக்கு.”

போர்வையை எடுத்து உதறி, மறுபடி கட்டிலில் போட்டாள். சொன்னபடியே வேறு வாய் திறக்கவில்லை.

சாயந்தரம் சவரிராஜ் மாடி ஏறினார். வெள்ளிக்கிழமை மில் ஓடாது. டீச்சர் சார்ஜரை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்.

“ஒரு ஆளு கட்டிட்டாங்க டீச்சர்.”

“சந்தோசம் அண்ணாச்சி.”

“ஆனா இருந்த கூட்டம் பூராவும் போச்சு. ஒருத்தர் பாக்கியில்ல. இப்ப இது லாபமா நட்டமா? எனக்குக் குழப்பமாவே இருக்கு.”

“போன வாரம் உங்க பலகை எத்தனை கடையில தொங்குச்சு?”

சவரிராஜ் நாற்பது என்று சொல்ல வாயெடுத்தார். காபிக் கோப்பையோடு அந்தப் பெண் மனசுக்குள் சிரித்தாள்.

“ஒரு கடையில.”

“இப்ப?”

“ஒரு கடையில.”

டீச்சர் டீயை அவர் பக்கம் நகர்த்தினார். சவரிராஜ் குடித்தார். பாதி டீயில் அவர் முகம் தெளிந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்ப சரி. இனிமே ரெண்டாவது கடையைப் பிடிக்கணும். பலகையில புதுசா என்ன சேர்க்கலாம்? எதுக்குக் காசு வைக்கலாம்? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா இன்னைக்கு ராத்திரியே உக்காந்து செஞ்சிருவேன்.”

ஜைனம்பு டீச்சர் சீடரைப் பார்த்தார்.

“என்கிட்ட ஏன் கேக்குதீங்க அண்ணாச்சி? எனக்கு ஏது கடை?”